நாலடி அகலத்துக்கு ஒரு வெர்மீர் வேண்டுமா?

கேள்வி: ஹாலில் ஆறடி சோஃபா இருக்கிறது. அதற்கு மேலே, டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பணிப்பெண் ஓவியத்தின் பிரிண்டை மாட்ட ஆசை. நாலடி அகலத்துக்கு கேன்வாஸில் அடித்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

பதில்: நாலடி வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் அசலே 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம்தான். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய படம் அது. ரொட்டியின் மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம், பின்சுவரில் ஓர் ஆணி, அந்த ஆணிக்கு ஒரு நிழல். நாலடிக்கு இழுத்தால் பேனர் மாதிரி ஆகிவிடும். அதோடு, நாலடி அகலம் என்றால் உயரம் ஏறக்குறைய நாலரை அடி வரும். சோஃபாவுக்குப் பொருந்த மேலும் கீழும் வெட்டத்தான் போகிறார்கள்.

சரி, ஆறடி சோஃபாவுக்கு மேல் ஒற்றைச் சின்னப் படம் அநாதையாகத் தெரியுமே? தெரியும். சோஃபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்ப வேண்டும். அதனால் ஜோடியாக மாட்டுங்கள். அதே மியூசியத்தில் வெர்மீரின் 'சிறு தெரு' இருக்கிறது. இரண்டையும் 20 அங்குல உயரத்துக்கு அடித்தால் அகலம் 18, 16 அங்குலம் வரும். ஒவ்வொன்றையும் சுற்றி 3 அங்குல வெள்ளை மவுன்ட் (படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் அட்டை), இரண்டுக்கும் நடுவே 3 அங்குல இடைவெளி. மொத்தம் 49 அங்குலம், கச்சிதம். மியூசியத்தின் இணையதளத்திலேயே படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உயரவாக்கில் 6000 பிக்சல் இருந்தால் போதும். கேன்வாஸ் வேண்டாம், பளபளக்காத மேட் காகிதம் கேளுங்கள்.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். சாமி படத்தையும் தாத்தா படத்தையும் நிலைக்கு மேலே சாய்த்து மாட்டிப் பழகிய கை, எதை எடுத்தாலும் ஸ்டூலைத் தேடும். உங்கள் படத்தின் கீழ் விளிம்பு சோஃபா முதுகிலிருந்து 8 அங்குலத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் போக வேண்டாம். ஆணி அடிக்கும் முன் பின்பக்கக் கம்பியை நடுவில் மேலே இழுத்து, சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அது எத்தனை அங்குலம் கீழே நிற்கிறது என்று அளந்து, மேல் விளிம்பு வரும் உயரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ஆணி அங்கேதான்.

அப்புறம், சட்டத்தின் கண்ணாடி படக் காகிதத்தில் படக் கூடாது, மவுன்ட் அதற்கும்தான். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தாலோ, மேற்கு வெயில் நேராக விழுந்தாலோ எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். சோஃபாவையும் சேர்த்துத்தான்.