சீட்டும் நகையும் இருக்கிறதே, தனியாக அவசரக் காசு எதற்கு?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கணவரின் சம்பளம் 140,000 ரூபாய், வாடகை, சாப்பாடு, பிள்ளையின் படிப்பு எல்லாம் சேர்த்து 110,000 போய்விடும். மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று, 12 பேர், இவருடைய முறைக்கு இன்னும் 3 மாதம். கொஞ்சம் நகையும் உண்டு. இது போதாதா என்பதுதான் கேள்வி.

போதாது. சீட்டுக் காசு உங்கள் முறை வரும்போதுதான் கைக்கு வரும், நோய் அந்தத் திகதி பார்த்து வராது. நகையை அடகு வைக்கலாம்தான், ஆனால் இரவு 2 மணிக்கு எந்த அடகுக் கடை திறந்திருக்கும்? வட்டியும் அன்றிலிருந்தே ஏறத் தொடங்கிவிடும். அதனால் நகையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். வீட்டில் காசு இல்லாமல் இல்லை, எல்லாம் அப்பாவின் பெயரில் மட்டும் வங்கியில் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் கட்டிலில் படுத்திருந்தார். அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: கணக்கை இருவர் பெயரிலும் திறங்கள், இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம் என்று படிவத்திலேயே எழுதிக்கொடுங்கள், அட்டை ஆளுக்கொன்று வாங்குங்கள். வட்டி எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

எவ்வளவு சேர்ப்பது? சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், செலவை வையுங்கள். உங்களுக்கு 3 மாதச் செலவு 330,000 ரூபாய். பெரிய தொகைதான், ஒரேயடியாகச் சேராது, முதலில் 50,000 வரட்டும். சம்பளம் விழும் நாளன்றே 10,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். மிஞ்சுவதைப் போடலாம் என்று இருந்தால் மாதக் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது.

முழுத் தொகையும் சேர்ந்த பிறகு, 20,000 வீட்டில் நோட்டாக இருக்கட்டும். 2023 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் தொடர்ந்து 5 நாள் பூட்டியிருந்தது ஞாபகம் இருக்கும். ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். மீதி 200,000-ஐ இரண்டாகப் பிரித்து, ஒரு மாத இடைவெளி விட்டு, 3 மாத நிலையான வைப்பில் போடுங்கள். அவசரம் வந்தால் உடைக்கத் தேவையில்லை, வைப்பின் மேலேயே கடன் தரும் வங்கிகள் உண்டு.

கூடுதல் வட்டி தருகிறோம் என்று யாராவது அழைத்தால், அந்த நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் உரிமம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. உரிமம் இல்லாத இடத்தில் எதுவும் இல்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது, சேர்த்து என்ன பயன் என்று உங்கள் கணவர் கேட்கலாம். காசின் பெறுமதி கரைந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் கையில் ஒன்றுமே இல்லாதவர்கள்தான் தாலிக்கொடி வரை அடகு வைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை செலவைத் திரும்பக் கணக்குப் பார்த்து, தொகையைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கணவரின் ஊழியர் சேமலாப நிதியை இதில் சேர்க்காதீர்கள். அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் முதுமைக்கானவை. ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 3 மாதத்தில் சீட்டு விழுகிறதே, அந்த 120,000-ஐ வேறு எதற்கும் தொடாமல் நேரே இந்தக் கணக்கில் போடுங்கள்.