தீபாவளி விற்பனையில் தளம் முடங்கியது: பெரிய சர்வர் வாங்க வேண்டுமா?

கேள்வி: சின்னாளப்பட்டியில் இருந்து சுங்குடிச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறோம். வேர்ட்பிரஸ் மென்பொருளில், ஊகாமர்ஸ் என்ற கடை இணைப்போடு அமைத்த தளம். ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கு, ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டுகிறோம். போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை இன்ஸ்டாகிராமில் தள்ளுபடி அறிவித்தோம். அரை மணி நேரத்தில் தளம் முடங்கி, ‘508’ என்ற பிழை வந்தது. இரவு வரை சரியாகவில்லை. இப்போது ஹோஸ்டிங் நிறுவனம் நான்கு மடங்கு விலையுள்ள பிளானுக்கு மாறச் சொல்கிறது. தளம் செய்து கொடுத்த தம்பி விபிஎஸ் (ஒரு சர்வரில் நமக்கென்றே தனியாக ஒதுக்கிய பகுதி) வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் அந்த 508 என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நீங்கள் வைத்திருப்பது ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் பல கடைகளின் தளங்கள் இருக்கும்; சிபியு, மெமரி, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். உங்கள் பங்கு தீர்ந்தால் உங்கள் தளத்துக்கு மட்டும் 508 வரும். அதாவது அன்று சர்வர் விழவில்லை, உங்களுக்கு ஒதுக்கிய அளவு போதவில்லை. விளம்பரத்தில் போடும் ‘அன்லிமிடெட்’ பெரும்பாலும் இடத்துக்கும் டேட்டாவுக்கும்தான், இந்த அளவுகளுக்கு அல்ல.

உங்கள் ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அந்த ஞாயிறு மாலையின் வரைபடம் இன்னும் கிடைத்தால் திறந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் அன்றைய பதிவைத் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். ‘என்ட்ரி பிராசஸ்’ (தளம் ஒரே நேரத்தில் கையாளும் கோரிக்கைகளின் எண்ணிக்கை) என்ற கோடு உச்சியில் முட்டி நிற்கிறதா, சிபியு முட்டுகிறதா, மெமரியா? பல மலிவு பிளான்களில் என்ட்ரி பிராசஸ் 20 அளவில்தான் இருக்கும். எது முட்டியது என்று தெரியாமல் பிளானை மாற்றினால், அடுத்த தீபாவளிக்கும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

என்ட்ரி பிராசஸோ சிபியுவோ முட்டியிருந்தால், செலவில்லாமல் செய்யக்கூடியது கேஷ் பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் சிறு மென்பொருள்) போடுவது. ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்காமல், ஏற்கனவே தயாரான பிரதியை அது கொடுத்துவிடும். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் ஆகிய மூன்று பக்கங்களை மட்டும் கேஷில் இருந்து கட்டாயம் விலக்குங்கள். இல்லையென்றால் ஒருவரின் விவரம் இன்னொருவருக்குத் தெரியும் ஆபத்து உண்டு. அப்புறம் படங்கள். போனில் எடுத்த 4, 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். சேலை வாங்குபவர்கள் புள்ளியையும் கரையையும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்பதால் ரொம்பவும் குறைக்க வேண்டாம். 1,500 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவில் மாற்றினால் போதும். அறிவிப்பையும் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் போடாமல், வாட்ஸ்அப் குழுவுக்கு முதலில், இன்ஸ்டாகிராமில் ஒரு மணி நேரம் கழித்து என்று பிரித்துப் போடலாம்.

இதெல்லாம் செய்த பிறகும் கோடு முட்டினால் தாராளமாகப் பெரிய பிளானுக்குப் போங்கள். விபிஎஸ் வேறு விஷயம். அதில் பாதுகாப்பு அப்டேட் போடுவதும், ராத்திரி பதினோரு மணிக்கு டேட்டாபேஸ் நின்றால் எழுப்பி விடுவதும் வாங்கியவர் பொறுப்பு. அந்தத் தம்பி அதைச் செய்வதாக எழுத்தில் தருவாரா? தரமாட்டார் என்றால், இந்த வேலைகளை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் ‘மேனேஜ்டு’ சேவை மட்டும் பாருங்கள். கடைத் தளத்தையே வாடகைக்குத் தரும் ஷாப்பிஃபை போன்றவற்றுக்கு மாறினால் கூட்டத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீரும். ஆனால் அவர்களுடைய சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால், மாதக் கட்டணத்தோடு ஒவ்வொரு விற்பனைக்கும் தனிக் கட்டணம் சேரும். கணக்குப் போட்டுவிட்டு மாறுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் டொமைனைப் பதிவு செய்திருப்பது சிறு கடைகளில் சகஜம். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருக்குப் போகும்; அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்; ஒரு நாள் காலையில் தளமும் கடை மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கும். டாட் காம் டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்டால், மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் வழக்கமான கட்டணத்தைப்போல் பல மடங்கு கேட்பார்கள். எனவே டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும்படி இருக்க வேண்டும். இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள். டொமைனை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. தளத்துக்கு வரும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். கட்டணச் சான்றிதழ்களின் ஆயுளும் 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறையப்போகிறது, கையால் புதுப்பித்துக் கட்டுப்படியாகாது.

பேக்கப்பையும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். தினம் ஒரு பிரதி உங்கள் கூகுள் டிரைவுக்கு வரும்படி வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை அதைச் சோதனைத் தளம் ஒன்றில் திரும்ப ஏற்றிப் பாருங்கள், ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. விற்பனைக்குப் பத்து நாள் முன்பிருந்து, அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர, எந்த பிளக்இன்னையும் அப்டேட் செய்ய வேண்டாம். தானியங்கி அப்டேட்டையும் அந்த நாள்களில் அணைத்து வையுங்கள்.

கடைசியாக, ‘99.9 சதவீத அப்டைம்’ (தளம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்) என்ற வாக்குறுதி. அதன்படியே மாதத்துக்கு 43 நிமிடம் தளம் நிற்கலாம். அதற்கு மேல் நின்றாலும் கிடைப்பது பெரும்பாலும் ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு சிறு கழிவுதான். உங்கள் மாதக் கட்டணமே 250 ரூபாய். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஆள் பேசுவாரா என்பதே உங்களுக்கு முக்கியம். பணம் கட்டும் முன் ஒரு ஞாயிறு இரவு அவர்களுக்குப் போன் செய்து பாருங்கள்.

கேள்வி: ஒரு சிறிய ஆன்லைன் கடையில் யுபிஐ வழியாகப் பணம் கட்டும்போது தளம் நின்றுவிட்டது. பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை. யாரைக் கேட்பது?

பதில்: முதலில் கடையைக் கேளுங்கள். பணம் கடையின் கேட்வேயில் வந்து நிற்கிறது, தளம் மட்டும் ஆர்டரைப் பதியவில்லை என்பது அடிக்கடி நடக்கும். யுபிஐ பரிவர்த்தனை எண்ணை அனுப்பினால் கடைக்காரர் கேட்வே கணக்கில் தேடிப் பார்த்துப் பொருளை அனுப்பலாம், அல்லது பணத்தைத் திருப்பலாம். பணம் கடைக்கே உறுதியாகவில்லை என்றால் அது வங்கிப் பக்கம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளில் இருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடை பதிலே சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

கடை நடத்துபவர்களும் கவனிக்க: தளம் நின்று மீண்டதும் கேட்வேயில் வந்த தொகைகளையும் ஆர்டர் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்கு அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு இணையதளமே இல்லை. இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் மட்டும்தான். எனக்கும் இந்தப் பிரச்சினை வருமா?

பதில்: வரும். 2021 அக்டோபர் 4 அன்று இரண்டும் ஒரே நேரத்தில் ஆறு மணி நேரம் அளவுக்கு நின்றன, ஏனென்றால் இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை. வாடிக்கையாளர் பெயர், போன் எண், நிலுவை ஆர்டர் ஆகியவற்றைத் தினமும் ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ எழுதி வையுங்கள். பில்லில் உங்கள் போன் எண்ணையும் அச்சடித்துவிடுங்கள்.