ஆன்டிபாடி இருந்தும் எச்.ஐ.வி. ஏன் ஒழிவதில்லை?

கேள்வி: எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது என்கிறார்கள். அது வைரஸைக் கொல்லாதா? ஆன்டிபாடியையே மருந்தாக ஏற்றலாம் என்கிறார்களே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகிவிடும்.

டெஸ்டில் தெரிவது ஆன்டிபாடி உண்டா, இல்லையா என்பது மட்டும்தான். அவற்றில் பெரும்பாலானவை வைரஸின் உடைந்த துண்டுகளையும் உள்புரதங்களையும் பிடிப்பவை. அதனால் வைரஸுக்கு ஒரு சேதமும் இல்லை. வெளியே நீட்டியிருக்கும் ஜிபி120 புரதத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அந்தச் சர்க்கரையைப் பூட்டுவது நம் செல்களே என்பதால், உடல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

சிலருக்கு மட்டும், தொற்றிச் சில ஆண்டுகள் கழித்து, பலவகை வைரஸ்களையும் முடக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. வியப்பு என்னவென்றால், ஒருவரையொருவர் அறியாத மனிதர்களின் உடல்கள் ஒரே விடையைக் கண்டுபிடிக்கின்றன. 2010இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 என்ற ஆன்டிபாடி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி என்பது கனமானது, இலேசானது என இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. யாரிடமிருந்து பிரித்தாலும் இதன் கனச் சங்கிலி ஐ.ஜி.எச்.வி.1-2 என்ற ஒரே மரபணுவிலிருந்து வருகிறது; இலேசான சங்கிலியில் வைரஸைப் பிடிக்க உதவும் மூன்றாம் வளையத்தில் 5 அமினோ அமிலங்கள்தான். வி.ஆர்.சி.01இன் கனச் சங்கிலி மரபணு, தொடக்க வடிவத்திலிருந்து சுமார் 30% மாறியிருக்கிறது. சாதாரண ஆன்டிபாடிகளில் இது பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. பி.ஜி.9 என்ற ஆன்டிபாடி வேறு ரகம்: வழக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீண்ட வளையத்தைச் சர்க்கரைப் போர்வைக்குள் நுழைத்துப் பிடிக்கும்.

இத்தனை மாற்றமும் நிணநீர்க் கணுக்களில் படிப்படியாகத்தான் சேரும். அதற்குள் அந்த நபரின் வைரஸ் உருமாறித் தப்பிவிடுகிறது. பிறரின் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி, சொந்த வைரஸிடம் தோற்பது இதனால்தான்.

தொற்று இல்லாதவர்களுக்கு 8 வாரத்துக்கு ஒருமுறை வி.ஆர்.சி.01ஐ நரம்பு வழியே ஏற்றிப் பார்த்த ஆய்வுகளின் முடிவு 2021இல் வந்தது. எளிதில் முடங்கும் ரகங்களை அது சுமார் 75% தடுத்தது; மற்ற ரகங்கள் நுழைந்துவிட்டதால் மொத்தத்தில் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆகவேதான் இப்போது இரண்டு மூன்று ஆன்டிபாடிகளைச் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

இன்னொன்று: சிகிச்சை நன்றாக வேலை செய்தாலும் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ்தான் காட்டும். அதைத் திரும்பத் திரும்ப எடுத்து மனம் உடையாதீர்கள். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைப் பாருங்கள். தாயின் ஆன்டிபாடி குழந்தையிடம் 18 மாதம்வரை தங்கும் என்பதால், குழந்தைக்கு 6 வாரத்தில், வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்யக் கேளுங்கள்.