ஏரிக்கரைக் குடும்பங்களும் ஆர்.டி.ஓ. ஆபீஸும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ஏரிக்கரையில் சில இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. ரேஷன் அரிசி, தொகுப்பு வீடு, கல்வி உதவித்தொகை, 1 சதவீத இடஒதுக்கீடு என்று அரசு எவ்வளவோ தருகிறது. ஆனாலும் பல வருடங்களாக அவர்களை அப்படியேதான் பார்க்கிறேன். கொடுத்தும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றால் தப்பு யார் மேல்?

ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் அரிசியை விட்டுவிடுங்கள். மற்றதற்கெல்லாம் சாதிச் சான்றிதழோ பட்டாவோ வேண்டும். அந்தக் குடும்பங்களில் யாரிடமாவது அது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா?

பட்டியல் சாதியினருக்குச் சான்றிதழ் தருபவர் தாசில்தார். பழங்குடியினருக்கு மட்டும் 1989 இலிருந்து அந்த அதிகாரம் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. போலிச் சான்றிதழோடு பழங்குடியினர் இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. 1994 இல் உச்ச நீதிமன்றமே சரிபார்ப்புக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. ஆனால் போலிக்குப் போட்ட வலையில் அசல் ஆட்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெண் பத்தாவது முடித்ததும் விண்ணப்பிக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் கேள்வி, அப்பாவுடைய சான்றிதழ் எங்கே? அப்பா அரிசி ஆலையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். சரி, பட்டா? குடிசை இருப்பதே ஏரிப் புறம்போக்கில். ரத்த உறவில் யாருக்காவது சான்றிதழ் உண்டா? ஒரு சித்தப்பாவுக்கு இருக்கிறது, ஆனால் அவர் வேறு மாவட்டம். அவர் சித்தப்பாதான் என்பதற்கு இன்னொரு காகிதம். அப்புறம் நேர் விசாரணை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றால், "அய்யா மீட்டிங் போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் ஒரு நாள் கூலி போகும்.

விசாரணையில் சில இடங்களில் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்கிறார்களாம். விடுதியில் தங்கிப் படித்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவதைக் கேட்டால் அவளும் சொல்வாள். குலவழக்கம் தெரிகிறதா என்பதை மட்டும் உரைகல்லாக வைக்கக்கூடாது என்று 2023 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேர நாளாகும்போல.

தப்பு யார் மேல் என்றீர்கள். திட்டத்தை அறிவித்துவிட்டு, நீ யார் என்று நிரூபிக்கும் பொறுப்பை எழுதப் படிக்கத் தெரியாதவர் தலையில் கட்டிய ஏற்பாட்டின் மேல்தான். பழங்குடிகளிலும் மிகவும் நலிந்தவர்கள் என்று மத்திய அரசே இருளரைத் தனியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அப்படியானால் அதிகாரிதானே குடிசையைத் தேடிப் போக வேண்டும்? முகாம் போட்டுக் கையோடு சான்றிதழ் கொடுத்த அதிகாரிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் வேலை அப்படியே நின்றுவிடுகிறது.

உங்களுக்கு மனு எழுத வரும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர்களில் ஒருவரைக் கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிப் போங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.