வாசகர் கேள்விகள்: லீவர் ரைஃபிள் வாங்கும் முன், சுடும் முன்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் பற்றிப் பல கேள்விகள் வந்திருந்தன. விசைக்குக் கீழே வளையமாக ஒரு கைப்பிடி, அதுதான் லீவர். அதைக் கீழே இறக்கி ஏற்றினால் சுட்ட உறை வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே போகும். அந்த வகைத் துப்பாக்கிதான். கீழே 'தோட்டா' என்றால் முழுத் தோட்டா. 'குண்டு' என்றால் அதன் முனையில் இருந்து பறந்து போகும் ஈயம் மட்டும்.

*

கேள்வி: மகன் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிரந்தரக் குடியுரிமையோடு இருக்கிறான். மலைக்காட்டுக்குள் நாலைந்து நாள் நடந்து போய்க் கூடாரம் போடுகிறவன். மான் வேட்டைக்கும் கரடிப் பயத்துக்குமாக லீவர் ரைஃபிள் வாங்கப் போகிறேன் என்கிறான். எது வாங்கச் சொல்லலாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் அவர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்து, 'பி.ஏ.எல்.' எனப்படும் உரிமத்தை வாங்க வேண்டும். அது இல்லாமல் கடையில் துப்பாக்கி தர மாட்டார்கள், தோட்டாவும் தர மாட்டார்கள். அங்குள்ள தேசியப் பூங்காக்களுக்குள் பொதுவாகத் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. அங்கே நடக்கப் போகிறார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். கரடிக்கான மிளகு ஸ்பிரே போதும். வேறு காடாக இருந்தாலும் ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும். பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுடுவதைவிட அதன் முகத்துக்கு நேரே மேகம்போல் ஸ்பிரே அடிப்பது பலருக்கும் சுலபம்.

இனி ரைஃபிள். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம்; தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று வழி இருக்கிறது.

.30-30: 1895-இல் வின்செஸ்டர் 94 என்ற லீவர் ரைஃபிளுக்காக வந்த தோட்டா. 150 அல்லது 170 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 10 - 11 கிராம். 170 கிரெய்ன் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 670 மீட்டர் வேகத்தில் புறப்படும். மானுக்குத் தாராளம். மலையடிவாரச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும் என்பதே இதன் பெரிய பலம்.

.45-70: 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. 300 முதல் 405 கிரெய்ன் வரை, அதாவது 19 முதல் 26 கிராம் வரை எடையுள்ள குண்டு. பெரிய பழுப்புக் கரடி உலாவும் காட்டுக்கு இதைத்தான் சொல்வோம். ஆனால் முழு பலத் தோட்டாவில் தோளில் விழும் உதை .30-30-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பத்துத் தோட்டா சுட்டதும் கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் வந்துவிடும். வந்தால் போகாது.

.44 மேக்னம், .357 மேக்னம்: கைத்துப்பாக்கித் தோட்டாக்கள். ரைஃபிள் இலேசாக, குட்டையாக இருக்கும். நிறையத் தோட்டா பிடிக்கும். கிட்டத்து மானுக்கு .44 சரி. .357-ஐக் கரடிக்கு என்று நம்பிப் போக வேண்டாம்.

மகன் இதுவரை துப்பாக்கி பிடித்ததில்லை என்றால் எங்கள் ஓட்டு .30-30-க்கே. உதைக்கு அஞ்சாமல் சரியான இடத்தில் வைத்த 170 கிரெய்ன், காற்றில் போன 405 கிரெய்னைவிட மேல்.

அடுத்தது அமைப்பு. பழைய வின்செஸ்டர் 94 சுட்ட உறையை மேல்பக்கமாகத் தள்ளும். தொலைநோக்கியை நடுவில் பொருத்த முடியாது. மார்லின் 336 பக்கவாட்டில் தள்ளும். மேல்பக்கம் மூடிய இரும்பு, தொலைநோக்கி நேராக உட்காரும். குழல் 16 முதல் 20 அங்குலம், எடை மூன்றரைக் கிலோவுக்குள். மழைக்காடு என்றால் எவர்சில்வர் உடல். கையுறை போடும் ஊர் என்றால் லீவர் வளையம் பெரிதாக இருக்கட்டும். ஆனால் சினிமாவில் சுழற்றுகிற அளவுக்குப் பெரிது வேண்டாம், புதரில் மாட்டும்.

*

கேள்வி: தம்பி டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறான். கடையில் வாங்கலாமாமே?
- லாஸ்பேட்டை

பதில்: அவசரப்பட வேண்டாம். குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். எச்-1பி, மாணவர் விசா இரண்டும் இதில் அடங்கும். விதிவிலக்குகளில் வழக்கமாகப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். துப்பாக்கி கையில் இருக்கும், சட்டம் கழுத்தில் இருக்கும். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. தம்பி முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

*

கேள்வி: பழைய மார்லின் 336 ஒன்றை நண்பர் மலிவாகத் தருகிறார் என்று ஆஸ்திரேலியாவில் இருக்கும் மருமகன் கேட்கிறார். உரிமம் எல்லாம் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
- நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் காலி என்று உறுதி செய்ய வேண்டும். லீவரை முழுதாக இறக்கி, தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். குழலுக்கு அடியில் தோட்டாக்களை வைத்திருக்கும் குழாய் மேகசினுக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கலாம். அப்புறம் இந்த வரிசை.

குழல்: வாய்ப்பக்கம் வெளிச்சம் காட்டி உள்ளே பாருங்கள். குண்டைச் சுழற்றிவிடும் திருகு வரிகள் கூராகத் தெரிய வேண்டும். லீவர் துப்பாக்கி பலவற்றை வாய்ப்பக்கமாகவே கம்பி விட்டுத் துடைப்பார்கள். கம்பி உரசி வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். விலையைக் குறைக்க இது நல்ல காரணம்.

சுத்தியல்: பாதித் தூக்கில் வைத்து விசையை ஓரளவு பலமாக அழுத்துங்கள். விழக் கூடாது. விழுந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு சுத்தியலை முழுதாகத் தூக்கி, லீவரைக் கால் அங்குலம் இறக்கி விசையை அழுத்துங்கள். அப்போதும் விழக் கூடாது. லீவர் முழுதாக மூடினால்தான் விசை வேலை செய்ய வேண்டும்.

ஊட்டம்: மருந்தில்லாத ஆறு டம்மி தோட்டா ஏற்றி, ஒருமுறை நிதானமாக, ஒருமுறை வேகமாக ஓட்டுங்கள். 336-இன் பேர்போன கோளாறு இங்கேதான் தலைகாட்டும். தோட்டாவைத் தூக்கித் தரும் தட்டைக் 'கேரியர்' என்பார்கள். லீவரின் வளைந்த பகுதி அதன் அடியில் ஆயிரக்கணக்கான தடவை உரசி ஒரு பள்ளம் அரித்துவிடும். கேரியர் சற்றுத் தாழ்ந்து நிற்க, குழாயிலிருந்து இரண்டாவது தோட்டா அதன் அடியில் நுழைந்துகொள்ளும். லீவர் மேலேயும் வராது, கீழேயும் போகாது. காட்டில் இது வந்தால் திருப்புளி இல்லாமல் தீராது. லீவரின் அந்தக் கூர்விளிம்பை மழுக்கி, கேரியரை மாற்றினால் சரியாகிவிடும். துப்பாக்கி மெக்கானிக்குக் கைவந்த வேலை.

பாதியிலேயே லீவரைத் திருப்பினாலும் சிக்கும். அது துப்பாக்கியின் குற்றம் அல்ல, கையின் குற்றம். 'முட்டும்வரை இறக்கு, முட்டும்வரை ஏற்று' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியை 'கோ', 'நோ-கோ' கேஜ் என்ற அளவுக் கட்டைகளைப் போட்டு மெக்கானிக் அளக்க வேண்டும். 'நோ-கோ' போட்டு லீவர் மூடினால் சுடவே கூடாது. கடைசியாக எல்லாத் திருகுகளையும் பாருங்கள். தலைகள் கீறி நசுங்கியிருந்தால் யாரோ சரியான திருப்புளி இல்லாமல் உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

*

கேள்வி: கூர்முனை குண்டு தூரம் போகுமே, குழாய் மேகசினில் ஏன் போடக் கூடாது என்கிறார்கள்?
- பொறியியல் மாணவர், பண்ருட்டி

பதில்: குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதன் மூக்கு, முன்னால் உள்ளதன் அடியில் இருக்கும் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடிபட்டால் பற்றிக்கொள்வதற்காகவே செய்த பொருள் பிரைமர். சுடும்போது வரும் உதையில் கூர்முனை அதைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். உங்கள் இடது கை அந்தக் குழாயைத்தான் பிடித்திருக்கும். அதனால்தான் தட்டை மூக்கு. ரப்பர்போல நெளியும் முனை கொண்ட 'லெவர்எவல்யூஷன்' வகையை ஹார்னடி என்ற தோட்டாக் கம்பெனி கொண்டு வந்திருக்கிறது; அது குழாய்க்குப் பாதுகாப்பானது. பிரௌனிங் பி.எல்.ஆர். என்ற லீவர் ரைஃபிள் பெட்டி மேகசின் கொண்டது, அதில் கூர்முனை போடலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். .45-70 தோட்டாக்கள் எல்லாம் ஒரே பலம் அல்ல. 1873 காலத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கென்று குறைந்த அழுத்தத்தில் செய்தவையும் உண்டு, இக்கால லீவர் ரைஃபிளுக்கென்று பலமாகச் செய்தவையும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பழைய துப்பாக்கியில் பலமானதைப் போட்டால் அதன் பூட்டே உடையும்.

*

கேள்வி: புது ரைஃபிளை எத்தனை தோட்டா சுட்டுச் சோதித்த பிறகு காட்டுக்கு எடுத்துப் போகலாம்?
- திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியரே மீண்டும்

பதில்: நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி சரிசெய்ய இருபது, பழக இருபது, மீதி அறுபதும் காட்டுக்கு எடுத்துப் போகும் அதே பெட்டித் தோட்டா. அந்த அறுபதில் ஒரு சிக்கல்கூட இருக்கக் கூடாது. இருந்தால் காரணத்தைக் கண்டு சரிசெய்து மறுபடி அறுபது. செலவாகும்தான்.

குறி சரிசெய்வது 25 மீட்டரில் தொடங்கட்டும். மூன்று தோட்டா சுட்டு, மூன்றுக்கும் நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைத் தோட்டாவை நம்பித் திருகக் கூடாது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை (குறிபார்க்கும் பின் துண்டை) நகர்த்துங்கள். முன் சைட் என்றால் நேர் எதிர். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: பிழையை இரண்டு சைட்டுகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கித் தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 10 செ.மீ. கீழே விழுகிறது, சைட் இடைவெளி 45 செ.மீ. என்றால், 100 மி.மீ. பெருக்கல் 450 மி.மீ., வகுத்தல் 50,000 மி.மீ.; விடை 0.9 மி.மீ. பின் சைட்டை அவ்வளவு உயர்த்தினால் போதும். சுத்தியால் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் பாதித் தோட்டா மிஞ்சும்.

.30-30-ஐ 100 கஜத்தில் நேராக வைத்தால் 200 கஜத்தில் சுமார் ஒரு சாண், அதாவது 20 - 23 செ.மீ. தாழும். .45-70-இன் சாதாரண 405 கிரெய்ன் தோட்டா அதே தூரத்தில் 60 செ.மீ. தாழும். 150 கஜத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கு .30-30-இல் தலைவலி இல்லை. திறந்த சைட்டில் 100 மீட்டரில் ஐந்து தோட்டா ஒரு டம்ளர் வாய்க்குள் விழுந்தால் காட்டுக்குப் போதும்.

மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை குழல் ஆறட்டும். குழலோடு குழாயும் வளையங்களும் இறுக்கிக் கட்டியிருப்பதால் சூடேறும்போது ஒன்றையொன்று தள்ளும். குறி மெல்ல நகரும். காட்டில் சுடப்போவதோ குளிர்ந்த குழலில் முதல் தோட்டா. ஆகவே நாலைந்து வேறு வேறு நாளில் போய், முதல் தோட்டாவை மட்டும் ஒரே அட்டையில் சுட்டுச் சேர்த்து வையுங்கள். அந்த அட்டைதான் உண்மை பேசும்.

பிறகு குழாயை நிறைத்துச் சுடுவது, இரண்டு சுட்டு இரண்டு ஏற்றுவது, கையுறையோடு, மண்டியிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து. கடைசித் தோட்டாவை, ஏற்றுவதற்கான பக்கவாட்டுக் கதவில் தள்ளும்போது கட்டைவிரல் நகம் சிக்கும், பழகினால் சரி. நூறு முடிந்ததும் திருகுகளை மறுபடி பாருங்கள், ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும். திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு.

கடுங்குளிரில் கெட்டி எண்ணெய் பசைபோல் உறைந்து சுத்தியலை மெதுவாக்கும், பிரைமர் பற்றாது. பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெயைத் தடவி, அதையும் துடைக்க வேண்டும். வெளியில் இருந்த ரைஃபிளைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால் வியர்க்கும். அதே ஈரத்தோடு வெளியே போனால் உள்ளேயே உறையும். கூடார வாசலிலேயே, காலியாக, உறைக்குள் இருக்கட்டும்.

*

கேள்வி: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சித்தப்பா அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்கு லீவர் ரைஃபிள் வாங்கலாமா?
- முத்தியால்பேட்டை

பதில்: வாங்கலாம். அங்கே அது சி பிரிவு: வேட்டை அனுமதி அல்லது சுடும் சங்க உரிமத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஆனால் மறுபடி ஏற்றாமல் 11 தடவைக்கு மேல் சுடக்கூடியது என்றால் பிரிவே மாறிவிடும். நீளக் குழாய் .357 வாங்குபவர் எண்ணிப் பார்த்து வாங்கட்டும்.

*

கேள்வி: தாத்தா காலத்து வின்செஸ்டர் ஒன்று பரணில் இருக்கிறது. அவர் இறந்து மூன்று மாதம். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: இன்றைக்கே செய்ய வேண்டியது: அவருடைய உரிமப் புத்தகத்தைத் தேடி எடுத்து, துப்பாக்கியையும் தோட்டாவையும் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தாமதம் குற்றமாகிவிடும். தயங்குகிறீர்கள் என்றால் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, அவரோடு போங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உரிமம் ஐந்தாண்டு செல்லும்.

சுட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. முதுநகர் உப்புக்காற்றில் பரணில் கிடந்த குழலின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது. திரும்பக் கையில் வந்த பிறகு ஒன்று செய்யுங்கள்: தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பிலேயே வைத்திருக்கும். எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய இரும்பு அலமாரியில். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைப்பு. குழாய் மேகசினின் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைக்கப் பலரும் மறப்பார்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.