இந்திய இரவு ரயிலில் பை பறிபோனது: திருகோணமலையிலிருந்து நட்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, எட்டு மாதங்களுக்கு முன்னர் நானும் கணவரும் காசி யாத்திரை போனோம். எங்கள் ஊர் பயண முகவர் ஒருவர் குளிரூட்டிய மூன்றடுக்குப் பெட்டிக்குக் காசு வாங்கிவிட்டு, சென்னையில் தன் ஆளை வைத்து சாதாரண ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்துத் தந்தார். இரண்டாம் இரவு டிக்கெட் இல்லாத பலர் ஏறி நடைபாதையிலும் கதவடியிலும் இருந்தார்கள். பரிசோதகரிடம் சொன்னோம், பிறகு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. பத்து மணிபோல ரயில்வேயின் உதவி இலக்கமான 139க்கு அழைத்தோம். ஒரு முறைப்பாட்டு இலக்கம் குறுஞ்செய்தியாக வந்தது, ஆள் வரவில்லை. சத்னா தாண்டி எங்கோ வண்டி நின்றபோது என் தலைமாட்டிலிருந்த கைப்பையை ஒருவன் பறித்தான். துரத்திய கணவரைக் கதவோரம் தள்ளிவிட்டுக் குதித்து ஓடினான். கணவரின் மணிக்கட்டு முறிந்தது. பையில் என் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, ஆறு பவுண் நகை, டிக்கெட் எல்லாம் இருந்தன. இறங்கிய நிலையத்தில் ரயில்வே பொலிஸ் “பை காணாமல் போனது” என்று ஒரு துண்டு எழுதித் தந்தது. ரயில்வேயிடம் நகைக்கு நட்டஈடு கேட்கலாமா? திருகோணமலையில் வழக்குப் போடலாமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: அம்மா, கடிதத்தில் நகையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். கணவரின் கை முறிந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு வரிதான் உங்களுடைய பலமான வழக்கு. அதற்கான காலக்கெடுவும் ஒரு வருடம்தான். எட்டு மாதம் போய்விட்டது, இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்திய ரயில்வே சட்டம் 1989இல் 124ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயணிகள் ரயிலில் ‘அசம்பாவிதம்’ நடந்து பயணி இறந்தாலோ காயப்பட்டாலோ, ரயில்வேயின் பக்கம் பிழை இருந்ததா என்று பார்க்காமலே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. எது அசம்பாவிதம் என்பதை 123ஆம் பிரிவு சொல்கிறது: வன்முறைத் தாக்குதல், கொள்ளை, ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுதல் ஆகியவை அதில் அடங்கும். பையை எடுத்துக்கொண்டு நழுவினால் அது திருட்டு. எடுத்ததோடு தப்பிப்பதற்காக ஒருவரைத் தள்ளிக் காயப்படுத்தினால், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 309ஆம் பிரிவின்படி அது கொள்ளையாகிவிடுகிறது. உங்கள் கணவருக்கு நடந்தது அதுதான்.

ரயில்வே தரப்பு “துரத்தச் சொன்னது யார்?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம். நட்டஈட்டை மறுக்கக் கூடிய காரணங்களைச் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது: தற்கொலை முயற்சி, தானே ஏற்படுத்திக்கொண்ட காயம், தன் குற்றச் செயல், போதையில் அல்லது மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்த செயல், இயற்கை நோய். பயணியின் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. டிக்கெட் கையில் இல்லாததால் மட்டும் கோரிக்கை தோற்காது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பயணியின் சத்தியக்கடதாசியும் பொருத்தமான விபரங்களும் இருந்தால், மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயிடம் போகும். உங்கள் டிக்கெட் பையோடு போனாலும் பி.என்.ஆர். எனும் முன்பதிவு இலக்கம் கணவரின் தொலைபேசியில் இருக்க வேண்டுமே, தேடுங்கள். முகவரின் வாட்ஸ்அப் செய்தியிலும் இருக்கலாம்.

இந்த மனு போக வேண்டிய இடம் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம். டிக்கெட் சென்னையில் எடுக்கப்பட்டதால் சென்னை அமர்வில் போடலாம், வடக்கே அலைய வேண்டியதில்லை. இறப்புக்கு எட்டு இலட்சம் இந்திய ரூபா என்று விதி இருக்கிறது. காயங்களுக்கு அட்டவணைப்படி அதைவிடக் குறைந்த தொகைகள். எலும்பு முறிவுக்குப் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள், ஆனாலும் விட்டுவிடக் கூடிய தொகையும் அல்ல. ஒரு வருடம் கடந்தாலும் போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இதற்கு உயிர்நாடி மருத்துவப் பதிவு. காசியில் முதலில் காட்டிய இடத்தின் துண்டு, எக்ஸ்ரே படம், பிறகு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ வேறெங்கோ பார்த்திருந்தால் அந்தக் கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதல் துண்டில் “ரயிலில் தள்ளப்பட்டு விழுந்தார்” என்று எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. வெறுமனே “விழுந்தார்” என்றிருந்தால் 139இன் குறுஞ்செய்தியையும் பொலிஸ் பதிவையும் கொண்டு அதை நிரப்ப வேண்டும்.

பொலிஸ் பதிவில்தான் உங்களுக்குச் சிக்கல். காணாமல் போனது என்று எழுதினால் விசாரணை வேண்டாம், கோப்பு மூடிவிடும். அதனால்தான் பல இடங்களில் அப்படி எழுதித் தந்து அனுப்புகிறார்கள். களைத்துப் போய் இறங்கும் யாத்திரிகரும் கடவுச்சீட்டுக்கு ஒரு கடதாசி கிடைத்தால் போதும் என்று வாங்கிக்கொள்கிறார். அந்தத் துண்டு, குற்ற விசாரணையைத் தொடங்கிவைக்கும் முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.) ஆகாது. இன்றும் திருத்தலாம். நடந்ததை நேர ஒழுங்கில் எழுதி, மருத்துவத் துண்டின் பிரதியையும் வைத்து, அந்த ரயில்வே பொலிஸ் பிரிவின் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நிலையப் பொறுப்பதிகாரி பதிய மறுத்தால் இப்படி அனுப்பும் உரிமையை இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு தருகிறது. அங்கும் அசையாவிட்டால் நீதவானிடம் போகலாம். சம்பவம் எந்த மாநில எல்லையில் நடந்தது என்பது உங்கள் தலைவலி அல்ல. எந்தப் பொலிஸ் நிலையமும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதே 2024 ஜூலை முதல் எழுத்தில் உள்ள சட்டம்.

இனிப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பயணத்தை முறிக்காமலே முறைப்பாடு கொடுக்கலாம். பரிசோதகர், கார்ட், பாதுகாப்புக்கு வரும் பொலிஸார் ஆகியோரிடம் அதற்கான படிவம் இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் அடுத்த பொலிஸ் நிலையத்துக்குப் போகும். “திருடப்பட்டது” என்று எழுதுங்கள், கொடுத்த படிவத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

இப்போது நகைக்கு வருகிறேன். இங்கே நிலைமை தலைகீழ். ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, லக்கேஜ் அலுவலகத்தில் பதிந்து ரசீது வாங்கிய சாமானுக்கே ரயில்வே பொறுப்பு. நீங்கள் கையோடு வைத்திருந்ததற்கு, ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் அசட்டையால்தான் அது போனது என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். 2023இல் உச்ச நீதிமன்றம், இடுப்புப் பட்டியில் கட்டியிருந்த ஒரு இலட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த துணி வியாபாரிக்கு நட்டஈடு இல்லை என்றது. பயணி தன் பொருளைக் காக்கத் தவறினால் அது சேவைக் குறைபாடு ஆகாது என்பது அதன் காரணம். டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் ஒரு மடிக்கணினி வழக்கில், பெட்டி உதவியாளர் தூங்கினார், பரிசோதகரைக் காணவில்லை என்பது மட்டும் போதாது, கதவுகளைப் பூட்டி வைக்காததால் வெளியாள் உள்ளே வந்தான் என்ற தொடர்பு வேண்டும் என்றது.

உங்களிடம் அந்தத் தொடர்பு இருக்கிறது. முன்பதிவுப் பெட்டிக்குள் டிக்கெட் இல்லாதவர்களை விடாமல் பார்ப்பதும் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கதவுகளைப் பூட்டி வைப்பதும் பரிசோதகரின் கடமைப் பட்டியலில் உள்ளவை. ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்று திருட்டுக்கு முன்பே 139இல் சொல்லி இலக்கமும் வாங்கியிருக்கிறீர்கள். திருட்டுக்குப் பின் சொல்லும் நூறு குற்றச்சாட்டைவிட முன்னால் வந்த அந்த ஒரு குறுஞ்செய்திக்குப் பெறுமதி அதிகம். திகதியும் நேரமும் தெரியும்படி இன்றே அதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் சேமியுங்கள். தொலைபேசி பழுதானால் போய்விடும். டெல்லியிலிருந்து இந்தூர் போன ரயிலில் 2016இல் முன்பதிவில்லாதவர்கள் புகுந்து பை திருடிய வழக்கில், டெல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024இல் மொத்தம் 1,08,000 இந்திய ரூபா கொடுக்கச் சொன்னது. அதில் பொருளுக்கானது 80,000. எட்டு வருடம் எடுத்தது என்பதையும் கவனியுங்கள்.

இந்த மனுவை இரண்டு வருடத்துக்குள் சென்னையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், வண்டி ஏறிய இடம் அது. செலுத்திய கட்டணம் ஐந்து இலட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது. இணையவழியில் பதியலாம். வெளிநாட்டவர் என்பது தடையல்ல, காசு கொடுத்துச் சேவை பெற்ற எவரும் நுகர்வோர்தான். ஏறிய இடத்துத் தெற்கு ரயில்வேயையும், சம்பவம் நடந்த பகுதிக்குரிய வலய ரயில்வேயையும் அவற்றின் பொது முகாமையாளர்கள் மூலம் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் மற்றது தன் எல்லை அல்ல என்று கைகழுவும். ஆறு பவுணுக்கும் ரசீது, அடகுத் துண்டு, அணிந்திருக்கும் படம் என்று எது இருக்கிறதோ அந்த அளவுக்கே கேளுங்கள். ஆதாரமில்லாத பவுண் ஒன்று சேர்ந்தால் ஆதாரமுள்ளதும் சந்தேகமாகிவிடும்.

அன்றிரவு அந்தப் பெட்டிக்கு யார் பரிசோதகர், எந்த நிலையத்தில் மாறினார், 139 முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. நீங்கள் அனுப்பினால் திரும்பி வரும். தமிழ்நாட்டில் உள்ள உறவினர் ஒருவர் பத்து ரூபா கட்டணத்தோடு கேட்கட்டும், முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

திருகோணமலையில் ரயில்வேக்கு எதிராக வழக்குப் போட முடியாது. சம்பவமும் எதிர்த்தரப்பும் இந்தியாவில். ஆனால் உங்கள் கடதாசி வேலை முழுவதையும் இங்கிருந்தே செய்யலாம். சென்னையில் ஒருவருக்கு நீங்கள் இருவரும் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுங்கள். இங்கே நொத்தாரிசு முன் ஒப்பமிட்டு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலும் அத்தாட்சி பெற வேண்டும். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டாவிட்டால் ஆவணம் வழக்கில் நிற்காது. சத்தியக்கடதாசிகளையும் அதே பயணத்தில் முடித்துவிடுங்கள், இரண்டாம் முறை கொழும்பு போகும் செலவு மிஞ்சும். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசும் வழக்கறிஞரிடமோ தரகரிடமோ போகாதீர்கள். இந்திய வழக்கறிஞர் சபையின் விதி அப்படிப் பேசுவதைத் தடை செய்கிறது.

இந்தியாவில் கடவுச்சீட்டைப் பறிகொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொலிஸ் பதிவு முதலில். அதைக் கொண்டு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பயண ஆவணம். அது கிடைத்ததும் இந்திய வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையத்தளத்தில் வெளியேறும் அனுமதி. மூன்றாவதை மறந்து விமான நிலையம் போனால் குடிவரவு மேசையில் நிறுத்திவிடுவார்கள். கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தையும் விசாவையும் மின்னஞ்சலில் வைத்திருந்தால் மூன்று இடத்திலும் வேலை சுருங்கும்.

கடைசியாக அந்த முகவர். குளிரூட்டிய பெட்டிக்கு வாங்கிவிட்டு ஸ்லீப்பர் தந்தது ஒப்பந்த மீறல், இதற்கு இந்தியா போகத் தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுதியிருக்க வேண்டும், அந்த வழி மூடிவிட்டது. சிவில் வழக்குக்கு எழுத்து ஒப்பந்தமானால் ஆறு வருடமும் வாய்மொழியானால் மூன்று வருடமும் இருக்கிறது. உங்களுடையது போன்ற சிறு தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும், நேரே நீதிமன்றம் எடுக்காது. முகவர் இருக்கும் பகுதியின் சபைக்குப் பற்றுச்சீட்டோடு விண்ணப்பியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வங்கிப் பரிமாற்றமும் அவர் அனுப்பிய செய்திகளும் போதும். கட்டண வித்தியாசத்தோடு நிறுத்தாமல், பூட்டிய குளிரூட்டிப் பெட்டிக்குப் பதிலாகத் திறந்த பெட்டியில் ஏற்றிவிட்டதால் வந்த இழப்பையும் கேளுங்கள். சபையில் இணக்கம் வராவிட்டால், வரவில்லை என்று அவர்கள் தரும் சான்றிதழை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அது இல்லாமல் எந்தச் சட்டத்தரணியாலும் வழக்கைப் பதிய முடியாது.