ஒரு வாரக் கால்வாய்ப் பயணம்: வளையப் பாதை உங்களுக்கு வேண்டாம்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் ஜூலையில் நேரோபோட் எனப்படும் குறுகிய கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு வாரம் நிதானமாகச் சுற்ற விரும்புகிறோம். ஒருவருக்கும் படகு ஓட்டத் தெரியாது. 'ஃபோர் கவுண்டீஸ் ரிங்' என்னும் வளையப் பாதையை ஒரு வாரத்தில் எளிதாக முடிக்கலாம் என்கிறார் முகவர். நம்பலாமா?

பதில்: ஓட்டத் தெரியாதது குறையே அல்ல. வாடகைப் படகுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. படகை ஒப்படைக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முகவரின் கணக்கில்தான் குறை இருக்கிறது. அந்த வளையம் ஏறத்தாழ 110 மைல். வழியில் 94 லாக்குகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் மதகு அறைகள், உள்ளன. வேக வரம்போ மணிக்கு 4 மைல். மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது படகுக்காரர்களின் கணக்கு. அதன்படி 68 மணி நேரம். வழக்கமாகச் சனிக்கிழமை பிற்பகலில் படகைத் தந்து, அடுத்த சனிக்கிழமை காலையில் திருப்பிக் கேட்பார்கள் என்பதால், உங்கள் கையில் இருப்பவை ஆறு முழு நாள்களே. நாளுக்குப் பதினோரு மணி நேரம் ஓட்டுவதை நிதானம் என்று முகவரைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

கால்வாயில் நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது புறப்படலாம் என்பது உண்மை. ஆனால் இந்த வளையத்திலுள்ள ஹேர்காஸில் சுரங்கம் மட்டும் அப்படியல்ல. 1827-இல் திறக்கப்பட்ட, 2,926 கஜ நீளமுள்ள அச்சுரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் படகுகள் செல்லும். எதிரே வருபவை வெளியேறும்வரை வாயிற்காவலர் உங்களை நிறுத்தி வைப்பார். அன்றைய கடைசி நேரத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான். உள்ளே கடக்க ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும், கூரையும் தாழ்ந்து வரும், ஆகவே பின்னால் நின்று ஓட்டுபவர் குனிந்தே ஆக வேண்டும். தெற்கு வாயிலின் கதவுகளை மூடி விசிறிகளால் புகையை வெளியேற்றுவது அங்கே வழக்கம் என்பதால், கதவு மூடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது ஆஷ்பி கால்வாய். 22 மைல், ஒரு லாக்கும் இல்லை. 1485-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் மாண்ட பாஸ்வொர்த் போர்க்களம் வழியிலேயே இருக்கிறது. லாக் அனுபவமும் வேண்டுமென்றால், கவென்ட்ரி கால்வாயில் ஆதர்ஸ்டோனுக்குச் சென்றால் பதினொன்று கிடைக்கும், அது போதும்.

'ஆறு பேருக்கான படகு' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். படகின் அகலமே ஏழு அடிக்குக் குறைவு. பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான் நிலையான படுக்கை இருக்கும், மற்ற இருவர் இரவுதோறும் சாப்பாட்டு மேசையைப் பிரித்துப் படுக்க வேண்டும். டீசலும் சேதக் காப்புத் தொகையும் விலையில் அடங்குமா என்பதும் கேட்டாலன்றி வெளிவராது.

2025 கோடையில் நீர்த்தேக்கங்கள் தாழ்ந்து பல கால்வாய்களில் போக்குவரத்து நின்றது. 2012 முதல் இவற்றைப் பராமரிப்பது ஓர் அறக்கட்டளை. அதற்கான மானியத்தையும் 2027-க்குப் பிறகு குறைப்பதாக 2023-இல் அரசு அறிவித்துவிட்டது. இருநூறாண்டுப் பழைய மதகுகளை நன்கொடையால் காப்பாற்றலாம் என்று எண்ணுவோரை என்ன சொல்வது? ஓரிடம் மூடினாலும் வளையம் அறுந்துபோகும். ஆஷ்பியைப் போல, போன வழியே திரும்பும் பயணத்தில் முன்கூட்டியே படகைத் திருப்பிக்கொள்ளலாம். பாதை மூடப்பட்டால் பணம் திரும்புமா, வேறு பாதை மட்டும்தானா என்பதை முகவரிடமல்ல, படகு நிறுவனத்திடமே எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.